டெலிபோனும் என் உத்தரவும்

நம் வாசகசாலைப் பலகையில் இதை இன்றே ஒட்டுகிறேன், மனம் நிலைகொள்ளவில்லை.

எங்கள் பஸ் கம்பெனியின் தென்காசி, குற்றாலம் ஆபீசுகளில் டெலிபோன் வைத்தபோது, மானேஜரான நான் ஓர் உத்தரவிட்டேன்: டெலிபோனில் வரும் எச்செய்தியும் கையொப்பமிட்ட கடிதம் வந்த பின்னரே நிறைவேற்றப்படும்.

இன்று காலை நான் தென்காசி ஆபீசுக்குள் நுழையும்போது, குற்றாலம் பஸ் குழந்தைகுட்டிகளோடு புறப்பட ஆயத்தமாயிருந்தது.

குமாஸ்தா சுப்பையா நிதானமாகச் சொன்னார்: "ரோட்டுல வெள்ளமாம் அய்யா. பஸ்ஸ விடாதீங்கன்னு குத்தாலத்து ஏஜெண்டு போன்ல சொல்லுதாரு."

"பின்ன ஏன்வே நிறுத்தல?"

"கடுதாசி வரலியே. நீங்க போட்ட உத்தரவுல்லா!"

"வெள்ளத்துல கடுதாசி நீந்தியாவே வரும்?"

நானே ஓடிப்போய் பஸ்ஸை மறித்தேன்.

உடனே உத்தரவை ரத்து செய்து, குற்றாலத்து ஏஜெண்டுக்கு டெலிபோனில் அறிவித்தேன்.

"அதுக்கென்ன அண்ணாச்சி, கையெழுத்துப் போட்டு அனுப்புங்க. அதுவரைக்கும் பழைய உத்தரவுதான நிக்கும்?" என்றார்.

கடிதத்தை எழுதி உறையிலிட்டுவிட்டேன். வெள்ளம் வடிந்தால்தான் அது போகும். அதுவரை இந்தக் கருவியில் அவரிடம் என்னதான் பேசலாம் என்று தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள்.