ஐந்து சொற்களும் பக்கத்து வீட்டுச் சண்டையும்

எங்கள் ராயப்பேட்டை குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில், ஒரே எழுத்துகளில் தொடங்கும் ஐந்து ஆங்கிலச் சொற்களை அர்த்தத்தோடு தினமும் காலையில் அனுப்புவேன். ஒருவரும் பதில் போட்டதில்லை. ரோஜாப்பூ வைத்த ‘குட்மார்னிங்’ படத்துக்கு மட்டும் லைக் குவியும். கடுப்பில் ஒருநாள் அனுப்பாமல் விட்டுவிட்டேன்.

மதியம் அழைப்புமணி அடித்தது. பக்கத்து வீட்டு நஸ்ரீன்.

“இன்னாக்கா, இன்னிக்கு வார்த்தை வரல?”

“நீ அதெல்லாம் படிக்கிறியா?”

“நானும் அவரும் அதுலதான் சண்டையே போடுறோம்! நேத்து எஸ்.டி. வார்த்தைங்க வந்துச்சுல்ல? நான் அவரை ‘ஸ்டபர்ன்’ன்னேன், பிடிவாதக்காரன். அவரு என்னை ‘ஸ்டிஞ்சி’ன்னாரு, கஞ்சூஸாம்! ரெண்டு பேருக்கும் சிரிப்பு வந்துடுச்சு. இன்னிக்கு வார்த்தை இல்லியா, நெஜமாவே சண்டையாயிடுச்சு. மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கினு உக்காந்துகினு கீறாரு.”

அவள் எதிரிலேயே ஜி.ஆர். வரிசையை அனுப்பினேன். முதல் சொல் ‘கிரம்பி’, சிடுமூஞ்சி. நஸ்ரீன் ஓடினாள். சற்று நேரத்தில் சுவருக்கு அப்பால் “யூ கிரம்பி!” என்று கேட்டது. தொடர்ந்து அவள் கணவரின் வெடிச்சிரிப்பு.

குழுவில் இன்றுவரை ஒரு லைக்கூட விழவில்லை. நானும் பார்ப்பதில்லை. சொற்களை அனுப்பியதும் ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, அந்தச் சுவரோரம் உட்கார்ந்துதான் காபி குடிக்கிறேன்.