வீட்டுத் திரையில் காட்டு

கல்ஃபில் வேலை பார்க்கும் என் தம்பியின் வலது கால், சரக்கு இறக்கும்போது நசுங்கி, முழங்காலுக்குக் கீழே எடுக்கப்பட்டுவிட்டது. அம்மாவுக்குச் சொல்லவில்லை. இதய நோயாளி, தாங்கமாட்டாள் என்று நானும் அவனும் பேசி முடிவு செய்திருந்தோம். அவ்வப்போது அவன் அனுப்பும் படங்களை இடுப்போடு வெட்டி அம்மாவுக்குக் காட்டுவது என் பொறுப்பு.

எனக்கு மரக்காணம் உப்பளத்தில், எடைமேடை ஆபீஸில் வேலை. அங்கே இருப்பது ஒரு உதவாக்கரை லேப்டாப். படம் வெட்டும் மென்பொருளைத் திறந்தாலே அதற்கு மூச்சு வாங்கும். அதனால் வீட்டிலிருக்கும் நல்ல கணினியில் அதை ஓடவிட்டு, அது திறக்கும் ஜன்னலை மட்டும் நெட் வழியாக என் திரைக்கு வரவழைப்பேன். இரண்டையும் இயக்குவது லினக்ஸ்தான். எந்தத் திரையில் காட்ட வேண்டும் என்று ஒருமுறை சொல்லிவிட்டால், மாற்றிச் சொல்லும்வரை அதுபாட்டுக்கு அங்கேயே காட்டும். இந்த வித்தையில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

வீட்டுக் கணினியை ஹாலில் டிவியோடு இணைத்திருந்தேன். அம்மாவுக்கு மவுஸ் பிடிக்க வராது. ஆகவே தினமும் சாயங்காலம் ஆபீஸிலிருந்தே, வீட்டுத் திரையில் காட்டு என்று ஒரு கட்டளை தட்டி, ஜெபமாலை வீடியோவைப் போட்டுவிடுவேன்.

அன்றும் போட்டேன். வெளியே உப்பு லாரி ஒன்று எடைக்கு நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. அவசரத்தில் அதே கட்டளைப் பெட்டியிலேயே, தம்பியின் புதுப் படத்தையும் வெட்டுவதற்காகத் திறக்கச் சொன்னேன். என் திரையில் ஒன்றும் வரவில்லை. சனியன் பிடித்த நெட் என்று திட்டிவிட்டு மறுபடி தட்டினேன். அப்போதும் வரவில்லை. எங்கே பிசகு என்று மேலே பார்த்தால், ஜெபமாலைக்காகத் தட்டிய கட்டளை அப்படியே நின்றது. வீட்டுத் திரையில் காட்டு.

ஆஸ்பத்திரி வராந்தாவில், ஒரு பக்கம் பேன்ட்டை மடித்து ஊக்கு குத்தி, ஊன்றுகோலோடு அவன் நிற்கும் படம் அது. நாற்பது அங்குல டிவியில், அம்மாவின் கண்ணுக்கு நேராக. மூடுவதற்கு எந்தப் பொத்தான் என்பதே மறந்துபோனது.

அதற்குள் போன் அடித்தது. அம்மாதான்.

"டேய், இது என் புள்ளதானே?"

ஆமாம் என்றேன். எப்போது நடந்தது என்று கேட்டாள். இரண்டு மாதம் ஆகிறது என்றேன். போனில் அவளுக்குப் பின்னால் ஜெபமாலை ஓடிக்கொண்டிருந்தது. அவளுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயத்தில், பார்க்காதம்மா, இதோ மூடிவிடுகிறேன் என்றேன்.

"மூடாதடா. ரெண்டு மாசமா பாதிப் புள்ளையத்தான் காட்டுன. இப்பவாவது முழுசா பாத்துக்கறேன்."