பதாகையில் ஐந்து கொரியத் தாய்மாமன்கள்

முகநூல் வழியே என் முழக்கம் கேட்கும் உறவுகளே! இன்று பாகூரில் ஒரு தாய்மாமனின் உரிமை பட்டப்பகலில் பறிக்கப்பட்டது. அந்தத் தாய்மாமன் நான்தான்.

நாளை என் தங்கையின் இளைய மகளுக்குக் காதணி விழா. குழந்தை அமரப்போவது என் மடியில்.

ஆனால் மண்டப வாயிலில் நிற்கும் பதாகையில், பட்டு வேட்டி கட்டிய ஐந்து கொரியப் பாடகர்கள் கைகூப்பி வரவேற்கிறார்கள். தலைக்கு மேலே ‘தாய்மாமன்கள்’ என்று கொட்டை எழுத்து. நானோ கீழ் மூலையில், ஒலிவாங்கியின் முன் கை ஓங்கியபடி, அஞ்சல்தலை அளவில்!

வடிவமைத்தவள் தங்கையின் மூத்த மகள், கல்லூரி மாணவி, அந்தப் பாடகர்களின் தீவிர ரசிகை. பதாகையைப் படமெடுத்து இணையத்திலும் ஏற்றிவிட்டாள்.

“சீர்வரிசையையும் கொரியர்களா கொண்டு வருவார்கள்?” என்று சீறினேன்.

“சீரு நீ கொண்டா மாமா. லைக்கு அவங்க கொண்டாருவாங்க,” என்றவள் கைப்பேசியை நீட்டினாள். “இங்க பாரு, கொரியாவுலேர்ந்தே கமெண்ட் வந்துகீது.”

“என்னவாம்?”

“மூலையில கோவமா கத்துறாரே, அந்த ஆறாவது பாடகர் யாருன்னு கேக்குறாங்க.”

தங்கை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “எத்தினி வருசமா மேடை மேடையா கத்துற, இன்னிக்குத்தாண்ணே வெளிநாட்டுல உன்ன யாருன்னு கேட்டுகீறாங்க!”

தமிழை உலகெங்கும் கொண்டுசெல்ல நான் ஊர் ஊராக அலைந்தேன். அந்தக் கொரியப் பாடகர்களோ கைப்பேசிக்குள் இருந்தபடியே பாகூர் மண்டபத்தைப் பிடித்துவிட்டார்கள். இனி நாமும் அவ்வழியே புறப்படுவோம்!

உறவுகளே, இப்பொழுதே அந்தப் படத்தின் கீழே திரளுங்கள்! ‘அவர் பாடகர் அல்லர், குழந்தையின் தாய்மாமன்’ என்று தமிழிலேயே எழுதுங்கள். கொரியர்கள் மொழிபெயர்த்துப் படித்துக்கொள்ளட்டும்!