பிரகாசியம்மாளின் ஒன்பதாவது வெள்ளி

தாராவியில் அந்த நாளில் இட்லி விற்ற பெண்களைத் திரட்டினால் ஒரு பட்டாளமே நடத்தியிருக்கலாம். அத்தனை பேரிலும் சட்னிக்கென்று பேர் வாங்கியவள் பிரகாசியம்மாள். அவள் தாளிக்கிற வாசத்துக்கு மாஹிம் ஸ்டேஷனில் சிக்னல் விழுந்த பிறகும் லோக்கல் வண்டி நகராமல் நின்றுபோனது என்று நான் சொன்னால் யாரும் நம்புவதில்லை. நம்ப வேண்டாம். கார்டு இறங்கி வந்து ஒரு பொட்டலம் கட்டிக்கொண்டு போனதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

வடக்கன்குளத்துக்குப் பக்கத்தில் பிறந்தவள். பரம்பரை வேதக்காரி, கத்தோலிக்கக் கிறிஸ்தவள். தோல் கிடங்கில் வேலை பார்த்த சந்தியாகுவைக் கட்டிக்கொண்டு பம்பாய்க்கு வந்தாள். கோயிலுக்குப் போகிற நேரம் வேறு, வேலை செய்கிற நேரம் வேறு என்று அவளுக்குக் கிடையாது. சாயங்காலம் ஆட்டுக்கல்லில் உட்கார்ந்தால் குழவியோடு ஜெபமாலையும் சுற்றும். மாலையின் ஐம்பத்து மூன்று மணிக்கும் ஜெபம் முடியும்போது உளுந்து பொங்கிவிட வேண்டும். பொங்காவிட்டால் மாதா பிரார்த்தனையையும் சேர்த்துக்கொள்வாள். மழைக்காலத்து உளுந்துக்குச் சகல புனிதர்களையும் கூப்பிட வேண்டியிருக்கும்.

விடியுமுன் அடுப்பு மூட்டியதும் காணிக்கை ஜெபம். இன்று நான் செய்யும் வேலை, படும் பாடு எல்லாம் உமக்கே என்று திருஇருதய ஆண்டவர் படத்துக்கு முன் சொல்கிற ஜெபம் அது. புத்தகத்தில் அவ்வளவுதான் போட்டிருக்கும். அவள் இட்லியையும் சட்னியையும் பேர் சொல்லிச் சேர்த்துக்கொள்வாள். மொத்தமாகச் சொன்னால் அவர் எதையாவது விட்டுவிடுவாரோ என்று சந்தேகம்.

அறுபதாம் வருஷத்து மழையில் சந்தியாகு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தான். சாமியாரைக் கூட்டிவர ஒரு ஆள் ஓடினான். அன்றிருந்த சாமியார் வயசானவர். சாகப்போகிறவர்களுக்குப் பூசுகிற எண்ணெயை எடுத்துக்கொண்டு குடையோடு உடனே கிளம்பினார். கூட வந்தவன் முழங்கால் தண்ணீரில் வேகமாக முன்னால் போய்விட்டான். சாமியாரைத் தாராவிச் சந்துகள் விழுங்கிவிட்டன. இருட்டில் ஒரு வீட்டுக்குள் நுழைந்து, அங்கே தூங்கிக்கொண்டிருந்த மன்சூர் அலியின் பக்கத்தில் மண்டியிட்டுப் பாதி ஜெபம் சொல்லிவிட்டார் என்று நான் சொல்வதை மன்சூர் அலி ஒப்புக்கொள்வதில்லை. எப்படியோ, அவர் சரியான வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது சந்தியாகுவின் மூச்சு நின்றிருந்தது.

பாவமன்னிப்பு இல்லை, எண்ணெய் இல்லை, வாயில் நன்மை அப்பம் இல்லை. புருஷன் அப்படிப் போனது அவள் நெஞ்சில் முள்ளாகத் தங்கிவிட்டது. அழுகை அடங்கியதும் மிஞ்சியது ஒரே பயம். தானும் அப்படிப் போய்விடக் கூடாது.

அதற்கு ஒரு வழி இருந்தது. ஒன்பது மாதம் விடாமல் முதல் வெள்ளிக்கிழமைதோறும் நன்மை வாங்குகிறவர் கடைசி நேரத்தில் தேவதிரவிய அனுமானங்கள், அதாவது சாமியார் வந்து செய்கிற இந்தச் சடங்குகள், இல்லாமல் சாவதில்லை என்பது வேதக்காரர்களின் நம்பிக்கை. நன்மை என்றால், பூசையில் ஆண்டவரின் உடலாக நாவில் வாங்குகிற அப்பம். நடுவில் ஒரு வெள்ளி விட்டாலும் திரும்ப ஒன்றிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போவது அவளுக்குப் பெரிய காரியமில்லை. இடைஞ்சலாக இருந்தது அவளுடைய நாக்கு. நன்மை வாங்குவதற்கு முன் மூன்று மணி நேரம் பச்சைத் தண்ணீரைத் தவிர வாயில் எதுவும் படக் கூடாது என்பது அப்போதைய சட்டம். பூசை ஆறரைக்கு. அவள் சட்னி அரைப்பதோ ஐந்து மணிக்கு. அரைத்து முடித்ததும் உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கி உப்புப் பார்ப்பாள். அந்தக் கைக்குத் தலையிடம் அனுமதி கேட்கிற பழக்கம் கிடையாது.

மூன்று வருஷம் அந்தக் கை அவளை ஏய்த்தது. ஒரு தடவை மூன்றாவது வெள்ளியில். இன்னொரு தடவை ஆறாவதில். ஒரு தடவை உள்ளங்கையைத் துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டு அரைத்தாள். துணியில் ஒட்டியிருந்த சட்னியை நக்கிவிட்டாள். அந்த நாட்களில் எல்லாரும் நன்மை வாங்கப் பீடத்துக் கிராதிக்கு முன் போய் முழந்தாளிடும்போது இவள் மட்டும் கடைசித் தூணுக்குப் பின்னால் நின்று பல்லைக் கடிப்பாள். பக்தியில் கண் மூடியிருக்கிறாள் என்று மற்றவர்கள் நினைத்தார்கள்.

அந்த ஒரு நாள் உப்புப் பார்க்காமலே விற்றுவிட்டால் என்ன என்று நான் கேட்டதுண்டு. ஆண்டவருக்குக் காணிக்கை என்று வைத்ததை அரைகுறையாக வைக்கச் சொல்கிறீர்களா என்று என்னை முறைத்தாள். அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை.

அறுபத்து நாலாம் வருஷம் பக்கத்து வீட்டு இசக்கி இந்தக் கூத்துக்கு ஒரு முடிவு கட்டினாள். சுடலைமாடனுக்கும் முருகனுக்கும் வஞ்சனையில்லாமல் கும்பிடு போடுகிறவள்.

"ஒங்க சாமிக்கு ஒங்க நாக்குதான மயினி வேணும்? சட்னிக்கு என் நாக்கு இருக்கு, வச்சிக்கிடுங்க" என்றாள்.

மார்ச் மாதம் தொடங்கியது இந்த ஏற்பாடு. முதல் வெள்ளி விடியலில் இசக்கி கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து உட்காருவாள். பிரகாசியம்மாள் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பாள். இசக்கி நக்கிப் பார்த்துத் தலையை ஆட்டியதும் அவள் குளித்துவிட்டுக் கோயிலுக்கு ஓடுவாள். இட்லிச் சட்டியை இசக்கி பார்த்துக்கொள்வாள். ஆனி ஆடி மழையிலும் ஒரு வெள்ளி தப்பவில்லை. அக்டோபரோடு எட்டு முடிந்தது. எட்டாவது வெள்ளியன்று பிரகாசியம்மாள் சிரித்தாள் என்று சந்தே பேசிக்கொண்டது.

நவம்பரின் முதல் வெள்ளி, தீபாவளி கழிந்த வாரத்தில் வந்தது. விடியலில் இசக்கி வந்தாள். ஆனால் உள்ளே வரவில்லை. குளித்து, நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு வாசலிலேயே நின்றாள். கந்தசஷ்டி விரதம் தொடங்கியாயிற்று, ஆறு நாளைக்குப் பாலும் பழமும் தவிர நாக்கில் எதையும் வைக்க மாட்டேன் என்றாள். மகளுக்குக் கல்யாணம் கூடிவர வேண்டும் என்று முருகனிடம் நேர்ச்சை.

"ஏளா, இத நேத்தே சொல்லப்பிடாதா?"

"நேத்து எனக்கு ஒங்க வெள்ளி நெனப்பே இல்ல மயினி. என் முருகன் நெனப்புல்லா இருந்துச்சு."

முருகனை ஒன்றும் சொல்ல முடியாது. திருஇருதய ஆண்டவரையும் ஒன்றும் சொல்ல முடியாது. ஒரே சந்தில் இரண்டு விரதக்காரிகள் ஒரு சட்டிச் சட்னியை நடுவில் வைத்துக்கொண்டு நின்றார்கள். மோந்து பார்த்தால் உப்புத் தெரியாதா என்று இசக்கி ஒரு யோசனை சொன்னாள். மோந்தும் பார்த்தார்கள். தெரியவில்லை.

கடைசியில் எதிர்வீட்டு வானமாமலையை எழுப்பிக்கொண்டு வந்தார்கள். ரயில்வேயில் மூட்டை தூக்குகிறவன். தூக்கக் கலக்கத்தில் உட்கார்ந்தவன், வெறும் சட்னியை எப்படி ருசி பார்ப்பது என்று கேட்டு நாலு இட்லியை வாங்கி உள்ளே தள்ளினான். நல்லாருக்கு என்றான். உப்பு எப்படி என்று பிரகாசியம்மாள் கேட்டாள்.

"உப்பா? நான் அதக் கவனிக்கலயே யக்கா."

நாலு இட்லியைத் தின்றுவிட்டு உப்பைக் கவனிக்காத மனுஷனை அவள் அதுவரை பார்த்ததில்லை. திட்டுவதற்கு வாயைத் திறந்தாள். திறந்த வாய்க்குள் கை போய்விட்டது.

"என்ன செஞ்சிட்டிய மயினி" என்று இசக்கி சொன்ன பிறகுதான் அவளுக்கே தெரிந்தது. உள்ளங்கையைப் பார்த்தாள். அதில் ஒன்றும் மிச்சமில்லை. உப்புச் சரியாகத்தான் இருந்தது.

அப்படியே கோயிலுக்குப் போனாள். அப்போது பாதர் மஸ்கரேனஸ் என்று மங்களூர்க்கார இளவயசுச் சாமியார் வந்திருந்தார். பழைய ஜெபப் புத்தகங்களை வைத்துத் தமிழ் படித்தவர். அதனால் மோட்சத்திலிருந்து பேசுகிற மாதிரியே பேசுவார். பூசைக்கு முன் அவரிடம் நடந்ததைச் சொன்னாள். அவருக்கு அவள்மேல் இரக்கம். ருசி பார்த்துவிட்டுத் துப்பிவிட்டால் உபவாசம் முறியாது, சமையல் செய்கிறவர்கள் அப்படிச் செய்வது உண்டு என்று விளக்கினார். பிறகு மெதுவாகக் கேட்டார்:

"அம்மா, நீர் அதை விழுங்கினீரோ, துப்பினீரோ? நன்றாய் நினைத்துப் பாரும்."

துப்பினேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஒன்பது முடிந்துவிடும். சாமியார் அந்த வார்த்தைக்காகத்தான் காத்திருந்தார்.

"நான் அரைச்ச சட்னிய நானே துப்புனா, வாங்கித் திங்குறவன் என்ன செய்வான் சாமி?" என்றாள் பிரகாசியம்மாள். கடைசித் தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

அன்றைக்கு அவளிடம் இட்லி வாங்கியவர்கள் யாரும் இன்னொரு கரண்டி சட்னி கேட்கவில்லை. முகம் அப்படி இருந்தது.

அந்த வருஷக் கடைசியில் பம்பாயில் உலக நற்கருணை மாநாடு, அந்த நன்மைக்காகவே கூடுகிற கூட்டம். போப்பாண்டவரே வருகிறார் என்று தெருவெல்லாம் வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள். நின்றுகொண்டிருந்த எருமைகளுக்கும் சேர்த்து அடித்தார்கள் என்பது என் கணக்கு. நவம்பர் கடைசி ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில் பாதர் மஸ்கரேனஸ் சந்தோஷமாக ஒரு செய்தி சொன்னார். ரோமாபுரியிலிருந்து புதுச் சட்டம் வந்திருக்கிறது. நன்மை வாங்க இனி மூன்று மணி நேரம் பட்டினி கிடக்க வேண்டாம், ஒரு மணி நேரம் போதும்.

கோயிலில் எல்லார் முகமும் மலர்ந்தது. பிரகாசியம்மாளின் முகம் மட்டும் ஆட்டுக்கல்லாக இறுகியது. பூசை முடிந்ததும் நேராகச் சாமியார் உடை மாற்றுகிற அறை வாசலுக்குப் போய் வழியை மறித்து நின்றாள். சட்னியை நக்கியது ஐந்து மணிக்கு, நன்மை கொடுத்தது ஏழு மணி வாக்கில், ஒரு மணி நேரத்துக்கு மேலேயே ஆகியிருக்கிறது, அந்த வெள்ளியைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றாள். சட்டம் பின்னோக்கி நடக்காது என்றார் அவர். மூன்று வாரம் முன்னால் சொல்லியிருந்தால் ரோமாபுரிக்கு என்ன நஷ்டம் என்றாள்.

அவளைத் தேற்றப் பார்த்தார். ரோமாபுரியில் கூடியிருந்த ஆயர்கள்கூட, குடும்பத்தாரும் தொழிலாளரும் அன்றாட வேலையையே ஆண்டவருக்குப் பலியாகக் கொடுக்கலாம் என்று இப்போது எழுதியிருக்கிறார்கள். நீர் அரைக்கும் சட்னியும் ஜெபமே என்றார். அழகாகத்தான் சொன்னார்.

"அது எனக்குத் தெரியும் சாமி. அத ரோம்ல இருந்து வந்து யாரும் எனக்குச் சொல்லாண்டாம்" என்றாள் அவள். "நான் சாவக் கெடக்கும்போது நீங்க வருவியளா, மாட்டியளா?"

"அழைத்தால் வருவேன் அம்மா."

"வழி தெரியுமா?"

சாமியார் அவள் தோளுக்கு மேலாகச் சந்துகளின் பக்கம் எட்டிப் பார்த்தார்.

இந்த நிமிஷமே கிளம்புங்கள் என்றாள். அவர் காலைச் சாப்பாடு சாப்பிடவில்லை. அவளுக்கு அது காதிலேயே விழவில்லை. வெள்ளை அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவர் பின்னால் வர, அவள் முன்னால் நடந்தாள். தண்ணீர்க் குழாய், காயப்போட்ட தோல்கள், ஆட்டுக்கொட்டில், சாக்கடைமேல் போட்ட பலகை என்று ஒவ்வொன்றாகக் கைகாட்டித் தன் வீட்டு வாசல்வரை கூட்டிப்போனாள். அதோடு விட்டிருக்கலாம். திரும்பவும் கோயில் வாசலுக்கே கூட்டிவந்து, இப்போது தனியாக வாருங்கள் என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்க் காத்திருந்தாள்.

முதல் தடவை அவர் வந்து சேரவில்லை. குயவர் குடியிருப்புக்குள் போய் மாட்டிக்கொண்டு, அவர்கள் தலையில் கட்டிய ஒரு பானையோடு கோயிலுக்கே திரும்பிவிட்டார். அவள் போய்ப் பார்த்துவிட்டு, பானையை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, மறுபடியும் அனுப்பினாள். இரண்டாவது தடவை அடுத்த சந்தில் நின்று பிரகாசியம்மா, பிரகாசியம்மா என்று கூவினார். இவள் வீட்டுக்குள்ளேயே இருந்துகொண்டு பதில் சொல்லவில்லை. சாகிறவள் எழுந்து வந்து வழி காட்டுவாளா என்று இசக்கியிடம் கேட்டாள். கூவி ஓய்ந்து, பலகையில் வழுக்கி, அங்கியெல்லாம் சேறாக அவர் வாசலில் வந்து நின்றபோது வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது.

"வந்துவிட்டேன் அம்மா" என்றார்.

"பகல்ல வந்துட்டிய. மழ இல்லாம வந்துட்டிய" என்றாள் அவள். ஆனாலும் உட்காரச் சொன்னாள். தட்டில் இட்லி வைத்தாள். அவர் எத்தனை தின்றார் என்று நான் சொன்னால் சாமியாருக்கு மரியாதையில்லை.

டிசம்பரில் ஒன்றிலிருந்து ஆரம்பித்தாள். புதுச் சட்டப்படி அவளே உப்புப் பார்த்துக்கொள்ளலாம். பார்க்கவில்லை. மணியைக் கூட்டுவதும் குறைப்பதும் ரோமாபுரி இஷ்டம், நடுவில் நான் மாட்டிக்கொள்ள மாட்டேன் என்று இசக்கியைத்தான் கூப்பிட்டாள். மழை வருவதற்குள் சாமியாரை இன்னும் இரண்டு தடவை நடக்கவைத்துவிட வேண்டும் என்று திட்டமும் வைத்திருந்தாள்.

மே மாதம் பாதர் மஸ்கரேனஸை வசாய்ப் பக்கம் மாற்றிவிட்டார்கள். அவர் இடத்துக்கு வந்தவர் கனத்த சரீரம். தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. முழங்கால் வலியால் பீடத்துப் படியிலேயே ஆளைப் பிடித்துக்கொண்டுதான் ஏறினார். அது ஆறாவது வெள்ளி. நன்மை வாங்கிக்கொண்டு அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்த பிரகாசியம்மாள், இட்லிச் சட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்த இசக்கியிடம் சொன்னாள்:

"இன்னும் மூணு வெள்ளி கெடக்கு. அதுக்குள்ள எனக்கு ஒண்ணும் ஆயிரப்பிடாதுன்னு ஒன் முருகன்ட்டயும் ஒரு வார்த்த சொல்லி வையி."