சொந்தம் முடியும்வரை சோப்பு

வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பகல் முழுக்கப் பார்த்துக்கொள்ளும் காப்பகம் எங்களுடையது. நான் அங்கே சமையல். பிள்ளைகளை மேய்ப்பவளுக்குக் கைகழுவு அக்கா என்று பெயர். வைத்தவள் நான்தான். பிள்ளையைக் கொண்டுவந்து விடும் அப்பாவாக இருந்தாலும் முதலில் குழாய்ப் பக்கம் போயாக வேண்டும். இல்லாவிட்டால் அவளிடம் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

எவ்வளவு நேரம் தேய்ப்பது என்பதற்கு அவளிடம் ஒரு பாட்டு இருந்தது. அம்மா, அப்பா, தாத்தா, பாட்டி, மாமா, சித்தி, பெரியப்பா, அத்தை. "சொந்தம் முடியறவரைக்கும் சோப்பு கையிலதான் இருக்கணும்" என்பாள். சித்தியே இல்லாத பிள்ளையும் நுரைக் கையோடு சித்தியைக் கூப்பிட்டாக வேண்டும்.

யாராவது "சளி பிடிச்சிருக்கு" என்றால், "எனக்குப் பிடிக்கலையே" என்பாள். இதற்கு அவள் மட்டும் தினமும் சிரிப்பாள். ஒழுகும் மூக்கைக் கண்டு பதற மாட்டாள். விளையாடுகிறது, தண்ணீர் குடிக்கிறது என்றால் தானாகப் போய்விடும் என்று விடுவாள். ஆன்டிபயாடிக் கொடுக்கச் சொல்லும் அம்மாக்களிடம், "சளிக்கு அது கேக்காதும்மா. டாக்டர் எழுதிக் குடுத்தா பாப்போம்" என்பாள். ஆனால் ஒரு பிள்ளை காதைப் பிடித்துக்கொண்டு சிணுங்கினாலோ, மூச்சு விடும்போது விலா உள்ளே இழுத்தாலோ, வீட்டுக்குப் போன் போட்டு டாக்டரிடம் அனுப்பிவிட்டுத்தான் மறுவேலை. பிள்ளைகளுக்கு வரும் சளியெல்லாம் போகிற போக்கில் அவளையும் எட்டிப் பார்த்துவிட்டுப் போகும்.

அந்தப் பாட்டு எங்கள் காப்பகத்தில் பிறந்ததில்லை. அம்மா செத்தபிறகு தம்பியை வளர்த்தவள் அவள்தான். முதலில் தேய்த்தது அவன் கையை. அப்போது பாட்டு அத்தைக்குப் பதில் "அக்கா" என்று முடியும்.

அவன் கல்யாணத்தன்றுதான் எல்லாம் கெட்டது. பந்தியில் புதுப்பெண் ஆசையாகத் தண்ணீர் ஊற்ற வந்திருக்கிறாள். வரும்போது கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். இவள் வாய் சும்மா இருக்குமா? "போய்க் கையக் கழுவிட்டு வாம்மா" என்று நாலு பேர் கேட்கச் சொல்லிவிட்டாள். அம்மா வீட்டை விட்டு வருகிறோமே என்று அழுத அழுகை அது. ஊரார் மூக்கையெல்லாம் பார்த்தவளுக்கு அழுகைக்கும் சளிக்கும் வித்தியாசம் தெரியவில்லை. பெண் வீட்டார் முகம் சுருங்கியது. தம்பி, மனைவியோடு தனியாகப் போனவன்தான், அப்புறம் பேச்சே இல்லை. "ஊருக்கே கைகழுவச் சொல்லிக்குடுத்தேன். என் தம்பி என்னையே கைகழுவிட்டான்" என்பாள். அதற்கு மட்டும் சிரிக்க மாட்டாள்.

இப்படியே வருஷங்கள் போயின. பிறகு ஒரு நாள் தம்பியே போன் செய்தான். பெண் குழந்தை, மாசம் நிறையும் முன்னாலேயே பிறந்து, ஆஸ்பத்திரியில் கிடந்து, இப்போதுதான் வீட்டுக்கு வந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னான். அந்த வாரம் அக்காவின் கால் தரையில் பாவவில்லை. மெல்லிய பருத்தித் துணியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சட்டை தைத்தாள். யாராவது அத்தை என்று சொன்னால் திரும்பிப் பார்த்தாள்.

சனிக்கிழமை தொண்டை கரகரத்தது. சாயங்காலம் தும்மல்.

"ஒரு தும்மல்தானேக்கா, மாஸ்க் போட்டுக்கிட்டுப் போங்க" என்றேன்.

"நமக்குத் தும்மல். அந்தப் பிஞ்சுக்கு மூச்சு முட்டிடும்."

தம்பிக்குப் போன் போட்டு, சளி, வரவில்லை என்றாள்.  "இன்னும் கோவம் தீரலையாக்கா?" என்றான் அவன். போனை வைத்தாள். அப்புறம் என்னைப் பார்த்து, "நாளைக்கு என்கூட வா. வெளிய நின்னு பாத்துட்டு வரலாம். நான் உள்ள போயிட்டேன்னா இழுத்துட்டு வந்துடு" என்றாள்.

தம்பி வீட்டு கேட்டுக்கு வெளியே மாஸ்க்கோடு நின்றோம். தம்பி மனைவி குழந்தையோடு ஜன்னலுக்கு வந்தாள். கண்ணாடிக்குப் பின்னால் துணிச்சுருளும் அதற்குள் ஒரு மூக்கு நுனியும் தெரிந்தன. அவள் கண்ணாடியைக் கொஞ்சம் நகர்த்தி, "அண்ணி, கையக் கழுவிட்டு உள்ள வாங்க" என்றாள். எனக்குத் திக்கென்றது. ஆனால் குரலில் குத்தல் இல்லை, ஆசையாகத்தான் கூப்பிட்டாள்.

அக்கா கேட்டைப் பிடித்துக்கொண்டாள். உள்ளே போய்விடுவாள் என்றே நினைத்தேன்.

"இது கழுவினா போறதில்லம்மா. ஜன்னல மூடு. தும்மல் வந்தாலும் வரும்." பிறகு மாஸ்க்கை விலக்கி மூக்கைத் துடைத்துக்கொண்டு, யாரும் கேட்காமலே, "சளிதான்" என்றாள்.

பாழாய்ப்போன சளி, இன்னொரு வாரம் பொறுத்து வந்தால் என்ன என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. அடுத்த வாரம் வேறொன்று வரும், காப்பகத்தில் அதற்கா பஞ்சம்?

தம்பி வெளியே வந்தான். அக்கா சட்டைப் பொட்டலத்தை கேட்டின் மேல் வைத்துவிட்டு இரண்டடி பின்வாங்கினாள். "துவைச்சிட்டுப் போட்டு விடு" என்றாள். அவன் பொட்டலத்தை விட்டுவிட்டு, கேட்டைத் திறந்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

"விடுடா, ஒட்டிக்கும்."

"அப்புறமா கழுவிக்கிறேன்க்கா" என்றான். உடனே விடவும் இல்லை.

அவன் உள்ளே போனதும் கிளம்பலாம் என்றேன். அவள் நகரவில்லை. பக்கத்துச் சுவரில் குளியலறை ஜன்னல் திறந்திருந்தது. குழாய்ச் சத்தம் கேட்டது. "சோப்புப் போடறானா பாரு" என்றாள். அவன் உள்ளேயிருந்து உரக்கவே சொன்னான். அம்மா, அப்பா, தாத்தா, பாட்டி, மாமா, சித்தி, பெரியப்பா. கொஞ்சம் நிறுத்தினான்.

"அத்தை."

பிறகு குழாயை மூடினான்.