நான் வெள்ளையடித்த சுவர்

நாங்கள் வந்து குடியேறிய இந்த நாட்டில், கூர் நகரத்துக்கு மேலே மலையில், பஸ் கடைசியாக வந்து திரும்பும் ஊரில் ஒரு பழைய பிரபு மாளிகை இருக்கிறது. ஒன்பது வருடம் சனிக்கிழமைகளில் அங்கே துப்புரவு வேலை செய்தேன். அந்த வீட்டுக்கு நான் செய்த கெடுதலை யாரும் என் தலையில் போடவில்லை. யாராவது ஏசியிருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன்.

வீட்டுக்கார அம்மா இந்த நாட்டுக்காரி. அவருடைய கணவர் இங்கிலாந்துக்காரர். அவரை நான் ஐயா என்றுதான் மனதில் வைத்திருந்தேன். அங்கே ஒரு பழைய மாளிகையில் பிறந்தவர், வாய் ஓயாமல் அந்த மாளிகைகளைப் பற்றியே சொல்லுவார். ஆதியில் அவற்றில் ஒரே ஒரு பெரிய மண்டபம்தானாம். நடுவில் நெருப்பு, புகை கூரை வழியாகப் போகும், பிரபுவும் வேலைக்காரரும் ஒரே புகையைக் குடித்துக்கொண்டு ஒரே இடத்தில் சாப்பிடுவார்களாம். புகைபோக்கி வந்ததும் பிரபு மேல்மாடியில் தனியறைக்குப் போய்விட்டார். பிறகு வேலைக்காரர் கண்ணில் படக்கூடாது என்று பின்பக்கம் ஒடுக்கமான படிக்கட்டு ஒன்றும் கட்டினார்கள். நல்ல காலம், இந்த வீட்டில் எல்லோருக்கும் ஒரே படிதான் என்று சொல்லி ஐயா சிரிப்பார். அந்த ஒரே படியையும் துடைப்பவள் நான். எனக்கு அவ்வளவாகச் சிரிப்பு வராது.

அவர் பிறந்த மாளிகையைப் பராமரிக்க ஆளில்லாமல் விற்று, இடித்துத் தரைமட்டமாக்கி விட்டார்கள். அங்கிருந்து அவர் கொண்டுவந்தது ஒரு பழக்கம் மட்டும்தான். சாப்பாட்டு அறையின் வடக்குச் சுவரில் ஜன்னல் ஓரமாக நீளமாய் ஒரு வெடிப்பு இறங்கியிருந்தது. வருடா வருடம் பனி உருகியதும் வெடிப்பின் நுனியில் பென்சிலால் ஒரு குறுக்குக் கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதுவார். அடுத்த வருடம் வெடிப்பு அந்தக் கோட்டைத் தாண்டியிருந்தால் சுவர் நகர்கிறது என்று அர்த்தம். தாண்டாவிட்டால் பழைய கோட்டின் மேலேயே புதுத் தேதி. ஐயா இறந்த பிறகு அம்மா அதைத் தொடர்ந்து செய்தார். நான் வாராவாரம் அந்த இடத்தில் தூசி தட்டினேன், ஆனால் ஒரு நாளும் நின்று வாசிக்கவில்லை. வயதானவர்களின் விளையாட்டு என்று நினைத்தேன்.

போன வருடத்துக்கு முந்திய மாரியில், பனி கொட்டிக் கிடந்தபோது, அம்மா விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டார். ஆஸ்பத்திரியில் பல வாரம். இனிப் படியேற முடியாது, கீழே சாப்பாட்டு அறையில்தான் கட்டில் போட வேண்டும் என்றார்கள். முதியோர் இல்லத்துக்குப் போக அவர் ஒரேயடியாக மறுத்துவிட்டார். சாகிறதென்றால் அந்த வீட்டில்தான் என்று என்னிடமே இரண்டு தரம் சொன்னார்.

எங்கள் ஆட்களிடம் ஒரு பழக்கம். வெளிநாட்டிலிருந்தோ ஆஸ்பத்திரியிலிருந்தோ ஒருவர் வீடு திரும்புகிறார் என்றால், முதல் வேலையாக வெள்ளையடிப்போம். வெடித்த சுவரைப் பார்த்துக்கொண்டு ஒரு நோயாளி படுத்திருப்பதா? என் கணவரையும் கூட்டிக்கொண்டு பெயின்ற் வாளியோடு போனேன். அவர் அந்தக் கோடுகளைப் பார்த்துத் தயங்கினார்.

“ஒரு சொல்லுக் கேட்டிட்டுச் செய்வம்.”

“கேட்டா வேண்டாம் எண்டுதான் சொல்லுவா. வரேக்கை பார்த்துச் சந்தோசப்படட்டும்.”

அரைகுறை வேலை எனக்குப் பிடிக்காது. உப்புத்தாள் போட்டுச் சுவர் முழுவதையும் தேய்த்தேன், வெடிப்பை அடைத்தேன், இரண்டு பூச்சுப் பூசினேன். அறை பளிச்சென்று ஆகிவிட்டது. எனக்கு அவ்வளவு பெருமை.

அம்மா சக்கர நாற்காலியில் வந்து அந்தச் சுவரையே கனநேரம் பார்த்தார். நல்ல வெள்ளை என்றார். நன்றி என்றும் சொன்னார். பிறகு ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். களைப்பு என்று நினைத்தேன்.

இரண்டு மாதத்தில் புதுப் பெயின்ற்றைக் கீறிக்கொண்டு மயிர்போல ஒரு வெடிப்பு. அம்மாவின் மருமகன் முறையான ஒருவர் பயந்துபோய் ஒரு எஞ்சினியரை அழைத்து வந்தார். இது பழைய வெடிப்பா, சுவர் இப்போது நகர்கிறதா, எங்கேயாவது எழுதி வைத்திருக்கிறீர்களா என்று எஞ்சினியர் கேட்டார். ஐயாவின் கொப்பி ஏதாவது இருக்கிறதா என்று மருமகனும் கேட்டார். தாள் தொலைந்துபோகும், சுவர் தொலையாது என்பது ஐயாவின் கொள்கை, சுவரில் இருக்கிறதே என்று தானும் எதையும் ஞாபகத்தில் வைக்கவில்லை என்று அம்மா சொன்னார். என்னை அவர் காட்டிக்கொடுக்கவில்லை. நானே சொன்னேன், நான்தான் தேய்த்தேன் என்று. கடைசிக் கோட்டை வெடிப்பு தாண்டியிருந்ததா என்று எஞ்சினியர் என்னிடம் கேட்டார். தெரியாது என்றேன். அந்த ஒரு சொல்லை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

அளவுகோல் பொருத்தி இரண்டு மாரி பார்க்க வேண்டும், அதுவரை அந்தச் சுவருக்குக் கீழே ஒருவரும் படுக்கக் கூடாது என்றார் எஞ்சினியர். வேறு அறைகளெல்லாம் மேல்மாடியில். எண்பத்தெட்டு வயதுக்காரியிடம் இரண்டு மாரி பொறுக்கச் சொன்னார்கள். அடுத்த கிழமையே அம்மாவை முதியோர் இல்லத்துக்குக் கொண்டுபோனார்கள். பெட்டியை அடுக்கியது நான்.

பிறகு சனிக்கிழமைகளில் வீட்டுக்குப் போகாமல் அவரைப் பார்க்க இல்லத்துக்குப் போனேன். நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினால் அவர் பேச்சை மாற்றிவிடுவார். இலையுதிர் காலத்தில் ஒரு நாள், பேச்சே குறைந்துபோயிருந்த நேரம், என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

“ஒன்பது வருடம் அந்தச் சுவரைத் துடைத்தாய். உண்மையைச் சொல். வெடிப்பு கோட்டைத் தாண்டியதா?”

அவர் நிம்மதியாக இருக்கட்டும் என்று நினைத்தேன். ஒரு நாளும் தாண்டவில்லை, எல்லாத் தேதியும் ஒரே கோட்டில்தான் இருந்தது, எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது என்று பொய் சொன்னேன்.

அவர் முகம் தெளிந்தது. பிறகு என் கையை விட்டார்.

“அப்படியென்றால் நான் வீட்டிலேயே இருந்திருக்கலாம்.”