சேலைக்கடையம்மா தரும் இலவச விமானப் பயணம்

இன்று கண்டி பஸ்ஸில், எங்கள் ஊர்ச் சேலைக்கடை அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"தாத்தா, கல்யாண சீசனுக்குச் சாமான் எடுக்கச் சென்னை போறோம். நீங்களும் வாங்க. டிக்கட், சாப்பாடு எல்லாம் நம்ம பொறுப்பு."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இந்த வயதில் விமானம்! பாஸ்போட்டுக்குக் கைநாட்டு வைக்காமல் என் பெயரை நானே எழுதலாம். இந்த வருடம்தான் எழுதப் படித்தேன்.

"நான் என்னம்மா செய்யணும்?"

"வரும்போது ரெண்டு பேக் உங்க பேர்ல வரும். கஸ்டம்ஸ்ல கேட்டா, பேத்திங்களுக்கு வாங்கினதுன்னு சொல்லுங்க."

"உள்ள என்ன இருக்கும்?"

"சேலைதான். பூட்டியே தருவோம், நீங்க திறக்க வேணாம்."

"போன தடவை எங்க தோட்டத்து லய வீட்டு முத்தையாவைக் கூட்டிட்டுப் போனீங்களே, ஆளையே காணோமே?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பினார். "அவரு வரக் கொஞ்ச நாளாகும். கேட்டதுக்கு ஒழுங்கா பதில் சொல்லத் தெரியல. நீங்க நல்லா பேசுவீங்க."

நான் கண்டிக்கு முன்னாலேயே, பேராதனையில் இறங்கிவிட்டேன்.

வீட்டுக்கு வந்தால், அந்த அம்மா என் மருமகளிடம் ஏற்கெனவே பேசிவிட்டாராம். பாஸ்போட் படம் எடுக்க நாளைக் காலை வேன் வருகிறது. தனக்கு வேண்டிய சேலையின் நிறத்தைக்கூட மருமகள் சொல்லியாகிவிட்டது.

போவதா, வேண்டாமா? இதை வாசிப்பவர்கள் பதில் எழுதுங்கள். நான் மெதுவாகத்தான் வாசிப்பேன், அதனால் வேன் வருவதற்குள் எழுதுங்கள்.